சுசான் லெங்லென்: எட்டு என்ற எண்ணுக்குள் அடங்காத ஆட்டம்

டென்னிஸில் அதிக கிராண்ட் ஸ்லாம் (விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க, ஆஸ்திரேலியப் போட்டிகள் நான்கும்) ஒற்றையர் பட்டங்களை வென்ற பெண்கள் யார் என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். மார்கரெட் கோர்ட் 24, செரினா வில்லியம்ஸ் 23, ஸ்டெஃபி கிராஃப் 22, ஹெலன் வில்ஸ் 19. அப்படியே கீழே இறங்கினால், மோனிகா செலஸின் 9-க்கும் கீழே, 8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெயர் இருக்கும். சுசான் லெங்லென். பெரும்பாலோர் அங்கே நிற்காமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் மறுபடி மட்டையைக் கையில் எடுத்ததிலிருந்து, 1926-இல் அமெச்சூர் ஆட்டத்தை, அதாவது பணம் வாங்காமல் ஆடும் ஆட்டத்தை, விட்டு விலகும் வரை, களத்தில் இறங்கிய பிறகு இந்தப் பெண் ஒற்றையரில் தோற்றது ஒரே ஒரு முறை. அந்த ஆட்டமும் முழுதாக நடக்கவில்லை. உடம்பு முடியாமல் பாதியில் விலகினார். அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 170-க்கும் மேற்பட்ட ஒற்றையர் ஆட்டங்களில் வெற்றி. ஒரு செட்டை (குறைந்தது ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், இரண்டு செட் எடுத்தால் வெற்றி) எதிராளிக்கு விட்டுக்கொடுத்தாலே அது மறுநாள் பத்திரிகைச் செய்தி.

இப்படிப்பட்ட ஒருவருக்கு எட்டுதானா? கணக்கில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவருடைய சாதனையைப் புரிந்துகொள்ள முடியாது.

எட்டு எப்படி வந்தது

விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் ஆறு: 1919 முதல் 1923 வரை தொடர்ந்து ஐந்து, பிறகு 1925. பிரெஞ்சு சாம்பியன்ஷிப் (இன்றைய பிரெஞ்சு ஓப்பன்) இரண்டு: 1925, 1926. கூட்டினால் எட்டு.

ஆனால் அவர் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பை 1920, 1921, 1922, 1923 ஆகிய நான்கு ஆண்டுகளிலும்கூட வென்றிருக்கிறார். அவை எங்கே போயின? 1925-க்கு முன்னால் அந்தப் போட்டியில் பிரான்ஸில் உள்ள டென்னிஸ் கிளப்புகளின் உறுப்பினர்கள் மட்டுமே ஆட முடியும். வெளிநாட்டவருக்குத் திறக்காத போட்டி என்பதால் அந்த நான்கையும் கிராண்ட் ஸ்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை. இது நியாயமான விதிதான்.

அடுத்து வருவதுதான் எனக்கு உறுத்தல். அந்தக் காலத்தில் பிரான்ஸில் வெளிநாட்டவரும் ஆடிய பெரிய போட்டி ஒன்று இருந்தது: உலக ஹார்ட் கோர்ட் சாம்பியன்ஷிப். பெயரில்தான் ஹார்ட் கோர்ட். ஆட்டம் நடந்தது இன்று நாம் களிமண் தரை என்று சொல்லும் தரையில். புல்தரைக்கு விம்பிள்டன், களிமண் தரைக்கு இது, உள்ளரங்குக்கு ஒன்று என மூன்று போட்டிகளுக்கும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு உலகப் பட்டம் என்ற தகுதியைக் கொடுத்திருந்தது. அமெரிக்காவைக் கூட்டமைப்புக்குள் கொண்டுவருவதற்காக அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். 1923-உடன் அந்தப் போட்டி நின்றது. 1925-இல் பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டது அந்த இடத்தை நிரப்பத்தான். நின்றுபோன அந்தப் போட்டியில் லெங்லென் நான்கு முறை ஒற்றையர் பட்டம் வென்றிருக்கிறார்: 1914, 1921, 1922, 1923. இன்றைய பட்டியலில் அந்த நான்குக்கும் இடமில்லை.

மற்ற இரண்டு கிராண்ட் ஸ்லாம்களையும் பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே இல்லை. ஐரோப்பாவிலிருந்து அங்கே கப்பலில் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவுக்கு அமெச்சூராகப் போனது ஒரே ஒரு தடவை. 1915-லிருந்து 1918 வரை போர் காரணமாக விம்பிள்டனே நடக்கவில்லை. அவருக்குப் பதினாறிலிருந்து பத்தொன்பது வயது வரை அப்படியே போயிற்று. 27 வயதில் அமெச்சூர் போட்டிகளை விட்டு வெளியேறினார். ஆகவே அவர் ஆடிய காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் இன்றைய கணக்குப்படி அவருக்கு வாய்த்தது வருடத்துக்கு ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம். அது விம்பிள்டன். 1919 முதல் 1925 வரையிலான ஏழு விம்பிள்டன்களில் ஆறு அவருக்கு. மிச்சமிருந்த 1924-இல் கால் இறுதியில் எலிசபெத் ரயனை 6-2, 6-8, 6-4 என்று வென்ற பிறகு, மஞ்சள் காமாலைக்குப் பின் உடல் தேறாத நிலையில் விலகிக்கொண்டார்.

இதெல்லாம் ஒற்றையர் மட்டும். இரட்டையரில் அதே எலிசபெத் ரயனோடு சேர்ந்து விம்பிள்டனில் ஆறு பட்டங்கள். கலப்பு இரட்டையரில் மூன்று. 1920, 1922, 1925 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் விம்பிள்டனின் மூன்று பட்டங்களும் அவர் கையில். 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் ஒற்றையர் தங்கம், மாக்ஸ் தெக்யூஜியோடு கலப்பு இரட்டையர் தங்கம், பெண்கள் இரட்டையரில் வெண்கலம். அந்த ஒற்றையர் தங்கத்துக்காக அவர் ஆடிய பத்து செட்களில் எதிராளிகள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது நான்கே கேம்.

நீஸ் நகரத்துக் கைக்குட்டை

1899 மே 24 அன்று பாரிஸில் பிறந்தவர். அப்பா சார்ல்ஸ், அம்மா அனாயிஸ். ஓரளவு வசதியான குடும்பம். குளிர்காலத்தை நீஸ் நகரத்தில் கழிக்கும் அளவுக்கு வசதி. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உடம்பு தேறட்டும் என்றுதான் 1910-இல் அப்பா ஒரு டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார்.

சார்ல்ஸ் லெங்லென் தேர்ந்த ஆட்டக்காரர் இல்லை. ஆனால் நீஸ் டென்னிஸ் கிளப்பில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஆட்டத்தைப் பார்த்து, எந்தப் பந்து எங்கே போகிறது, எதனால் புள்ளி விழுகிறது என்று அலசுகிற மனிதர். அன்று பெண்கள் பெரும்பாலும் பின்கோட்டிலேயே நின்று பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்புவார்கள். எதிராளி தவறு செய்யும் வரை காத்திருப்பார்கள். ஆண்கள் அப்படி ஆடவில்லை. வலைக்கு அருகே வந்தார்கள், பந்து தரையில் படும் முன்பே அடித்தார்கள், திறந்திருக்கும் இடத்தைத் தேடி அடித்தார்கள். மகளும் அப்படி ஆடினால் என்ன என்று அவர் கேட்டுக்கொண்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம்.

களத்தில் ஒரு கைக்குட்டையை விரித்துவைத்து அதன் மேல் பந்தை விழவைக்கச் சொல்வார். பிறகு அதை மடித்துச் சின்னதாக்குவார். இடத்தை மாற்றுவார். பலத்தை நம்பி வளர்ந்த ஆட்டம் இல்லை இது. பந்து எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். ஒரு முறை மட்டும் இல்லை, ஒவ்வொரு முறையும். இதோடு கயிறு தாண்டுதல், ஓட்டம், நீச்சல் என உடற்பயிற்சி. ஆண் ஆட்டக்காரர்களோடு பயிற்சி ஆட்டங்கள். அப்பா கண்டிப்பானவர். நன்றாக ஆடினால் பாராட்டு. சொதப்பினால் எல்லோர் முன்னாலும் திட்டு. அந்த அழுத்தம் மகளின் நரம்புகளில் கடைசி வரை இருந்தது என்பதை அவருடைய பிற்கால ஆட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது உணர முடிகிறது.

மட்டையை எடுத்த நான்காவது ஆண்டு, 1914-இல், பதினைந்து வயது முடிந்த கையோடு உலக ஹார்ட் கோர்ட் பட்டத்தை வென்றார். ஒற்றையர் மட்டுமில்லை, இரட்டையரும் சேர்த்து. அதே ஆண்டு பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில், 1912 ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்றிருந்த மார்கரித் புரோகெதியிடம் 5-7, 6-4, 6-3 என்று தோற்றார். சில வாரங்களில் போர் தொடங்கிவிட்டது.

1919: இரண்டு மேட்ச் பாயிண்ட்

போருக்குப் பின் நடந்த முதல் விம்பிள்டனுக்கு வந்தபோது லெங்லெனுக்கு வயது இருபது. புல்தரையில் அவர் ஆடிய முதல் போட்டியே அதுதான்.

அப்போது விம்பிள்டனில் சேலஞ்ச் ரவுண்ட் என்ற முறை இருந்தது. முந்தைய சாம்பியன் மற்ற சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் மோதி மிஞ்சி நிற்பவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பட்டத்தைக் காத்துக்கொண்டால் போதும். 1914-இன் சாம்பியன் டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அப்படிக் காத்திருந்தார். ஏழு முறை விம்பிள்டன் வென்றவர், வயது நாற்பது. கணுக்கால் வரை இறங்கும் பாவாடை, மணிக்கட்டு வரை மூடிய சட்டைக் கை. எதிரே வந்து நின்ற இருபது வயதுப் பெண்ணோ கெண்டைக்கால் தெரியும் உயரத்தில் உடையும், முழங்கைக்கு மேலே நிற்கும் கையும், தலையில் மென்மையான தொப்பியும் போட்டிருந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் பார்க்க வந்திருந்தார்கள்.

முதல் செட் 10-8 என்று லெங்லெனுக்கு. இரண்டாவது 6-4 என்று சேம்பர்ஸுக்கு. களைத்துப்போன மகளுக்குச் சார்ல்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து பிராந்தி கொடுத்தனுப்பினார் என்பது அன்றைய லண்டன் பத்திரிகைகளுக்குப் பெரிய தீனி. மூன்றாவது செட்டில் லெங்லென் 4-1 என்று முன்னால் போனார். சேம்பர்ஸ் விடவில்லை, துரத்திப் பிடித்து 6-5, 40-15 என்று வந்து நின்றார். ஒரே ஒரு புள்ளி போதும். இரண்டு வாய்ப்பு கையில் இருக்கிறது.

முதல் மேட்ச் பாயிண்டில் லெங்லென் எட்டி அடித்த பந்து மட்டையின் நரம்பு வலையில் படவில்லை. மட்டையின் மரச்சட்டத்தில் பட்டது. பட்டும் வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. இது அதிர்ஷ்டம்தான். இரண்டாவது மேட்ச் பாயிண்டில் கோட்டை ஒட்டி ஒரு பேக்ஹேண்ட். அது அதிர்ஷ்டம் இல்லை, கைக்குட்டையின் பலன். 9-7 என்று செட்டும் பட்டமும் அவருக்கு.

மொத்தம் 44 கேம். விம்பிள்டன் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அதைவிட நீளமான ஒன்று வர 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வென்றார். நாற்பது வயதில் இரண்டு மேட்ச் பாயிண்ட் வரை வந்து நின்ற சேம்பர்ஸின் ஆட்டத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி எதிராளி அமையாவிட்டால் அந்த நாள் யாருக்கும் நினைவில் இருந்திருக்காது. அடுத்த ஆண்டு இருவரும் மறுபடி மோதினார்கள். 6-3, 6-0. அவ்வளவுதான்.

நியூயார்க்கில் நடந்தது

1921 ஆகஸ்டில் லெங்லென் அமெரிக்கா போனார். போரில் சிதைந்துபோன பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டுவது பயணத்தின் ஒரு நோக்கம். அப்பா கூட வரவில்லை. கப்பல் பயணத்தில் உடம்பு கெட்டு, இருமலோடு போய் இறங்கினார். ஓய்வெடுக்கப் போதிய நாள் இல்லை.

அமெரிக்க சாம்பியன்ஷிப் போட்டி நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில். வலுவான ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளாதபடி பட்டியலில் பிரித்துவைக்கும் சீடிங் முறை அப்போது கிடையாது. முதல் சுற்றில் அவரோடு ஆட வேண்டியவர் விலகிவிட்டார். ஆகவே அமெரிக்க மண்ணில் அவருடைய முதல் ஆட்டமே இரண்டாவது சுற்றில், அந்த நாட்டின் சாம்பியன் மொல்லா மல்லோரியோடு. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மல்லோரி பந்தை ஓங்கி அடிப்பவர், அசராதவர். முதல் செட் 6-2 என்று அவருக்கு. இரண்டாவது செட் தொடங்கிய கையோடு லெங்லென் இருமிக்கொண்டே நடுவரிடம் போய், தன்னால் ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்கப் பத்திரிகைகள் சும்மா விடவில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இருமல் வந்துவிட்டது என்று எழுதின. அவருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்பதுதான் என் எண்ணம். ஆஸ்துமாவோடு வளர்ந்தவர், பிறகும் அடிக்கடி நோயில் விழுந்தவர், 39 வயதில் இறந்துபோனவர். அந்த உடம்பை நடிப்பு என்று சொல்வது கடினம். ஆனால் மல்லோரி அன்று நன்றாக ஆடிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை; அவருக்கு உரிய பாராட்டு இந்தச் சண்டையில் காணாமல் போனது.

1922 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். 6-2, 6-0; அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கூட்டம்

அந்த 1922 விம்பிள்டனுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. வோர்பிள் ரோட்டில் இருந்த பழைய மைதானத்தை விட்டு, இன்றும் போட்டி நடக்கிற சர்ச் ரோட்டுக்கு விம்பிள்டன் இடம் மாறியது அந்த ஆண்டுதான். சேலஞ்ச் ரவுண்ட் முறையும் அதே ஆண்டு ஒழிந்தது. இனி சாம்பியனும் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டும். பழைய இடத்தில் கூட்டம் கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி யாரைப் பார்க்க வந்தது என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அவரைப் பார்ப்பதே ஒரு அனுபவம் என்று எழுதியிருக்கிறார்கள். பந்தை நோக்கி ஓட மாட்டார், பாய்வார். பாலே நடனக்காரியைப் போல இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பிய நிலையில் இருக்கும் அவருடைய புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. உடைகளை வடிவமைத்தது பாரிஸின் ஜான் பாத்தூ: மடிப்பு வைத்த குட்டைப் பட்டுப் பாவாடை, கை இல்லாத மேல்சட்டை, நெற்றியைச் சுற்றி வண்ணப் பட்டுத் துணி. அதுவரை பெண்கள் இடுப்பை இறுக்கும் கோர்செட்டையும் உள்பாவாடையையும் போட்டுக்கொண்டுதான் களத்தில் ஓடினார்கள். மூச்சுத் திணறல் உள்ள ஒரு பெண் அவற்றைக் கழற்றிப் போட்டார். அதை வெறும் அலங்காரமாகப் பார்ப்பவர்கள், கோர்செட் போட்டுக்கொண்டு வலை வரை ஓடிக் குனிந்து பந்தை எடுப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். கிளப்பில் ஆடும் சாதாரணப் பெண்களும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவரைப் போலவே நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

உச்சம் 1925. காமாலையிலிருந்து தேறி வந்து, முதன்முறையாக வெளிநாட்டவருக்குத் திறந்த பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் மூன்று பட்டம். அப்புறம் விம்பிள்டனில் மூன்று பட்டம். விம்பிள்டன் ஒற்றையரில் ஐந்து ஆட்டம், பத்து செட், அவர் இழந்தது மொத்தம் ஐந்து கேம். அரை இறுதியில் எதிராளி யார் தெரியுமா? முந்தைய ஆண்டின் சாம்பியன் கிட்டி மக்கேன். 6-0, 6-0. நடப்பு சாம்பியனுக்கு ஒரு கேம்கூட இல்லை.

கான் நகரம், 1926 பிப்ரவரி 16

அமெரிக்காவில் புதிதாக ஒருவர் எழும்பிக்கொண்டிருந்தார். ஹெலன் வில்ஸ், வயது இருபது, மூன்று முறை அமெரிக்க சாம்பியன். 1926 தொடக்கத்தில் அவர் பிரான்ஸின் தென்கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும், இருவரும் எப்போது மோதுவார்கள் என்பதே உலகப் பத்திரிகைகளின் பேச்சு. கடைசியில் கான் நகரத்தின் கார்ல்ட்டன் கிளப்பில் நாள் குறித்தார்கள். சாதாரணக் கிளப் போட்டியின் இறுதி ஆட்டம்தான், கிராண்ட் ஸ்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் சீட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் மரங்களிலும் ஏறிக்கொண்டார்கள்.

ஸ்வீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் வந்திருந்தார். அன்று வந்திருந்த பிரமுகர்களின் பெயர்களுக்கு நடுவே நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது: புதுக்கோட்டை ராஜா. ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை 1915-இல் மணந்து, அந்தத் திருமணத்தை ஆங்கிலேய அரசு ஏற்க மறுத்ததால் நாட்டை விட்டு வந்து கான் நகரத்தில் குடியேறியிருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான் அவர்.

முதல் செட் 6-3 என்று லெங்லெனுக்கு. இரண்டாவதில் வில்ஸின் பலமான அடிகள் வேலை செய்ய ஆரம்பித்தன. லெங்லென் இடையிடையே பிராந்தி அருந்தினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எப்படியோ 6-5, 40-15 வரை வந்தார். மேட்ச் பாயிண்ட். வில்ஸ் அடித்த பந்து கோட்டோரம் விழுந்தது. அவுட் என்று ஒரு குரல் கேட்டது. ஆட்டம் முடிந்தது என்று இருவரும் வலைக்கு வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். பூங்கொத்துகளோடு கூட்டம் களத்துக்குள் புகுந்தது.

அப்போதுதான் கோட்டு நடுவராக இருந்த லார்ட் சார்ல்ஸ் ஹோப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவுட் என்று கத்தியது தான் இல்லை, பார்வையாளர் யாரோ என்றார். பந்து உள்ளேதான் விழுந்தது. நடுவர் ஹில்யார்ட் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று மூச்சை விட்டுவிட்ட ஒருவர் திரும்பவும் போய்க் களத்தில் நிற்க வேண்டும். அந்த கேமை வில்ஸ் எடுத்துவிட்டார், 6-6. அந்த இடத்தில் எத்தனையோ பேர் உடைந்து போயிருப்பார்கள். லெங்லென் எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் ஆடப் போனார். 8-6 என்று இரண்டாவது முறையாக வென்றார். பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

அவருடைய ஆட்டங்களிலேயே எனக்கு மிக உயர்வாகத் தோன்றுவது இதுதான். 1921-இல் பாதியில் விட்டவர் என்று பேர் வாங்கியவர், இந்த முறை முடிந்துபோன ஆட்டத்தை மறுபடி ஆடி முடித்தார். இருவரும் ஒற்றையரில் அதற்குப் பிறகு மோதவே இல்லை. அந்த வசந்த காலத்தில் பாரிஸில் வில்ஸுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. பிரெஞ்சுப் போட்டியிலிருந்து பாதியில் விலகினார், விம்பிள்டனில் ஆடவில்லை.

காசு

அந்த ஆண்டு விம்பிள்டனில்தான் முறிவு வந்தது. லெங்லென் இரட்டையர் ஆட வேண்டிய நாளில், அதற்கு முன்பே ஒரு ஒற்றையர் ஆட்டத்தையும் போட்டிருந்தார்கள். தகவல் அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஆட்ட நேரத்தை மாற்றச் சொல்லி அவர் அனுப்பியதும் உரிய இடத்துக்குப் போகவில்லை. மேரி ராணி அரச இருக்கையில் காத்திருக்க, மைதானத்தில் லெங்லென் இல்லை. தாமதமாக வந்தவரை அதிகாரிகள் கடிந்துகொள்ள, அவர் அழுதுகொண்டே அன்று ஆட மறுத்தார். ராணியை அவமதித்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. ஏழாண்டுகளாகக் கைதட்டிய கூட்டம் முகம் சுளித்தது. சில நாட்களில் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். விம்பிள்டனுக்கு ஆட அவர் மறுபடி வரவில்லை.

அடுத்த மாதமே அமெரிக்கக் காட்சி ஏற்பாட்டாளர் சி. சி. பைல், அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு 50,000 டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார். லெங்லென் கையெழுத்திட்டார்.

இது அன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் அமெச்சூர் விதியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விம்பிள்டன் உட்பட எல்லாப் பெரிய போட்டிகளும் அமெச்சூர்களுக்கு மட்டும். ஆடுவதற்காகப் பணம் வாங்கினால் அன்றோடு அந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். வென்றால் கோப்பை உண்டு, பணம் இல்லை. நுழைவுக் கட்டணத்தையும் ஆடுபவரே கட்ட வேண்டும். வாசலில் விற்கும் சீட்டுப் பணமோ போட்டி நடத்துபவர்களுக்கு.

சுற்றுப்பயணத்தின்போது லெங்லென் தன் தரப்பை வெளிப்படையாக எழுதினார். சாம்பியனாக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் டென்னிஸுக்கு லட்சக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்தது ஒன்றும் இல்லை. ஆடுவதற்கு நான்தான் கட்டணம் செலுத்தினேன். இந்த விதிகளின்படி வசதி உள்ளவர்கள் மட்டுமே ஆட முடியும், அது நியாயமா என்பது அவர் கேட்டதன் சாரம். 1926-இல், ஒரு பெண், தன் உழைப்புக்கு இதுதான் விலை என்று பொதுவெளியில் கணக்குச் சொன்னார். அவருடைய பட்டங்கள் எல்லாவற்றையும்விட இதை நான் மேலே வைப்பேன். பிறகு ஆண்களில் பில் டில்டன் போன்றவர்கள் இதே வழியில் போனார்கள். அமெச்சூர், தொழில்முறை என்ற சுவர் இடிந்து எல்லோரும் ஒன்றாக ஆட 1968 ஆயிற்று. லெங்லென் கையெழுத்திட்டு 42 ஆண்டு கழித்து.

1926 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் சுற்றுப்பயணம் தொடங்கியது. அன்று மட்டும் சுமார் 13,000 பேர் வந்தார்கள். அமெரிக்கா, கனடா, கியூபா, மெக்சிகோ என்று சுற்றினார்கள். முன்னாள் அமெரிக்க சாம்பியன் மேரி பிரவுனோடு ஆடிய 38 ஆட்டங்களிலும் லெங்லென் வென்றார். இந்த 38-ம் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1927-இல் பிரிட்டனில் சில காட்சி ஆட்டங்கள்; அத்தோடு போட்டி வாழ்க்கை ஓய்ந்தது. பிறகு பாரிஸில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார்.

இன்று பிரெஞ்சு ஓப்பனில் பெண்கள் ஒற்றையர் சாம்பியனுக்குக் கொடுக்கும் கோப்பைக்கு அவர் பெயர். அந்தப் போட்டி நடக்கும் ரோலண்ட் காரோஸ் வளாகத்தின் இரண்டாவது பெரிய அரங்கத்துக்கும் அவர் பெயர். அந்த வளாகம் கட்டப்பட்டது 1928-இல். அவர் வென்ற ஆறு பிரெஞ்சுப் பட்டங்களும் வேறு மைதானங்களில் வென்றவை. 1928-க்குள் அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டதால், அங்கே நடந்த சாம்பியன்ஷிப்பில் ஒரு முறைகூட ஆட முடியவில்லை.

1938 கோடையில் ரத்தம் சம்பந்தமான நோயில் படுத்தார். சில வாரங்கள்தான். ஜூலை 2 அன்று விம்பிள்டனில் ஹெலன் வில்ஸ் தன்னுடைய எட்டாவது ஒற்றையர் பட்டத்தை வென்றார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, பாரிஸில் சுசான் லெங்லென் இறந்தார்.